இலை உதிராத மரம்: நுவரெலியாவில் ஓர் அலங்கார அப்பிளின் ஏழு ஆண்டுகள்

டீச்சர் வீட்டு மரத்தில், அதை விற்றவர் கட்டிவிட்ட பிளாஸ்டிக் அட்டை இன்னும் தொங்குகிறது. முன்பக்கத்தில், கிளையே தெரியாமல் பூத்துக் குலுங்கும் ஒரு மரத்தின் படம். பின்பக்கத்தில் 'மாலஸ் புளோரிபண்டா' என்ற பெயரும் 'குளிர்ப் பிரதேசத்துக்கு மிகவும் ஏற்றது' என்ற ஒரு வரியும். நுவரெலியா நகரத்துக்குச் சற்று வெளியே உள்ள அந்த வீட்டு முற்றத்தில் 2017 ஜூனில் நட்டிருக்கிறார்கள். 2021 பெப்ரவரியில் நான் முதன்முதலாகப் போய்ப் பார்த்த நாள்வரை அது பூத்தது மொத்தம் பதினொரு பூ. டீச்சர் எண்ணி எழுதி வைத்திருந்தார். முப்பது வருடம் கணக்குப் படிப்பித்தவர். ஒன்பதாம் வகுப்பில் எனக்கும் அவர்தான்.

"நுவரெலியாக் குளிர் போதாதென்றால் இதற்கு வேறெந்தக் குளிர் வேண்டும், தம்பி?" என்று கேட்டார்.

நான் மரக்கறி விவசாயிகளுக்கு ஆலோசனை சொல்லிப் பிழைப்பவன். உருளைக்கிழங்கு, லீக்ஸ், கரட் என்றால் இலையைப் பார்த்தே நோயைச் சொல்லிவிடுவேன். அந்தத் துணிச்சலில் அன்றைக்கே ஒரு விடையையும் சொன்னேன். அது தப்பான விடை. சரியானதைக் கண்டுபிடிக்க இரண்டு வருடம் ஆனது. அந்த இரண்டு வருடத்தையும் விட்டுவிட்டு முடிவை மட்டும் எழுதினால் இதனால் யாருக்கும் பயனில்லை.

மரமும் மண்ணும்

டீச்சர் வீட்டு மரம் கிராப் அப்பிள் வகை. அது வேறு ஏதோ மரமல்ல. கடையில் வாங்கும் அப்பிளும் இதுவும் ஒரே மாலஸ் பேரினம், ரோசாக் குடும்பம். காயின் குறுக்களவு இரண்டு அங்குலத்துக்கு உட்பட்டிருந்தால் கிராப் என்கிறார்கள், வரையறை அவ்வளவுதான். புளோரிபண்டா, அழகுக்காகவே வளர்க்கப்படும் ஜப்பானிய இனம். மொட்டில் கருஞ்சிவப்பு, விரியும்போது இளஞ்சிவப்பு, விரிந்து முடிந்ததும் வெள்ளை. ஒரே கொத்தில் மூன்று நிறத்தையும் பார்க்கலாம். காய் நெல்லிக்காயைவிடச் சிறியது. புளிப்பும் துவர்ப்பும் கலந்தது. பறவைகளுக்குத்தான் ஆகும்.

இதற்கு வேண்டியவை என்று புத்தகங்கள் சொல்வது சுருக்கமானது. நாளொன்றுக்கு ஆறு மணித்தியாலமாவது நேர் வெயில். நீர் தேங்காத மண். மண்ணின் புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு 6 முதல் 7க்குள். அப்புறம் இலை உதிர்த்து உறங்குவதற்கு ஒரு குளிர்காலம். முதல் மூன்றையும் மனிதன் முயன்றால் கொடுக்கலாம். நான்காவதுதான் சிக்கல்.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகை செல்சியஸ். ஜனவரியிலும் பெப்ரவரியிலும் வானம் வெளித்த இரவுகளில் பள்ளத்துப் புல்லில் உறைபனி படியும். காலையில் தேயிலைக் கொழுந்து பொசுங்கிக் கிடக்கும். இந்த ஊரைச் 'சின்ன இங்கிலாந்து' என்று அழைத்துப் பழகிவிட்டோம். 1848இல் சாமுவேல் பேக்கர் இங்கே பண்ணை போட்டதிலிருந்து, அங்கிருந்து வரும் எதுவும் இங்கே முளைக்கும் என்ற நம்பிக்கை ஊரில் ஊறிப்போயிருக்கிறது. மரக்கறிக்கு அது சரி. கரட்டுக்கும் லீக்ஸுக்கும் வேண்டியது குளிர்ச்சி. அப்பிளுக்கு வேண்டியது குளிர்காலம். இரண்டும் ஒன்றல்ல என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. அட்டையில் அந்த வரியை எழுதியவருக்கும் உறைத்திருக்காது.

முதல் நாள் கண்டவற்றைக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தேன். மரம் ஒன்பது அடி உயரம். கிளைகள் பக்கவாட்டில் விரியாமல் பிரம்புபோல மேல்நோக்கியே நீண்டிருந்தன. ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஓர் இலைக் குஞ்சம். அதற்குக் கீழே மூன்று, நான்கு அடிக்கு வெறும் குச்சி. அந்தக் குச்சியில் மொட்டுகள் இருந்தன, ஆனால் அவிழவில்லை. பழைய இலைகள் விழவும் இல்லை. புள்ளி விழுந்து, ஓரம் பழுத்து, முதியோர் இல்லத்தில் ஆள் வருவதற்காகக் காத்திருப்பவர்கள் மாதிரி அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தன. தண்டில் சிறு பருக்கள். கிளைகளில் சாம்பல் நிறப் பாசிச்செதில்.

இலைப்புள்ளியைப் பார்த்தேன், பொருக்குநோய் என்றேன். பருவைப் பார்த்தேன், செதிற்பூச்சி என்றேன். குச்சி மெலிந்திருந்தது, உரம் போதாது என்றேன். மூன்றுக்கும் மூன்று மருந்து எழுதிக் கொடுத்தேன். பாசியைக் கம்பித் தூரிகையால் தேய்க்கச் சொன்னேன்.

இந்தப் பட்டியலில் வெட்கப்பட வேண்டியது முதலாவதற்குத்தான். பொருக்குநோயை எதிர்க்கும் மரபணுவை அப்பிள் வளர்ப்பாளர்கள் எடுத்ததே இந்த இனத்திலிருந்துதான்; 821 என்று எண்ணிட்ட ஒரு புளோரிபண்டா மரம் அதற்குத் தாய். அந்த எதிர்ப்பை முறியடிக்கும் நோய் வகைகள் பிற்காலத்தில் தோன்றியது உண்மை. ஆனாலும், இந்த மரத்தின் இலையில் புள்ளியைக் கண்டவுடன் முதலில் வாயில் வர வேண்டிய பெயர் பொருக்குநோய் அல்ல. உரிய காலத்தில் உதிராமல் தொங்கும் கிழட்டு இலையில் ஏதாவது பூஞ்சை ஏறத்தான் செய்யும்.

மருந்து நின்ற வருடம்

டீச்சர் சொன்னதைச் சொன்னபடி செய்பவர். மார்ச்சில் இரண்டு தடவை மருந்தடித்தாகிவிட்டது. கோழி எருவும் இரண்டு மூடை போட்டாகிவிட்டது. அந்த மே மாதம் இரசாயன உரத்துக்கும் விவசாய மருந்துக்கும் அரசாங்கம் இறக்குமதித் தடை போட்டது. ஜூனில் கடையில் மருந்து இல்லை. இருந்த இடத்திலும் விலை வாயைப் பிளக்க வைத்தது. உருளைக்கிழங்குக்காரர்கள் என் கைபேசியைத் தூங்கவிடவில்லை. ஒரு பூமரத்துக்கு மருந்து தேட யாருக்கு நேரம்? டீச்சரும் கேட்கவில்லை.

நவம்பரில் தடையைத் தளர்த்திய பிறகு ஒருநாள் அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். மருந்து நின்று ஆறு மாதம். மரம் மோசமாகவில்லை. முன்பு மருந்தடித்தபோது தேறவும் இல்லை. புள்ளி அதே அளவு, பரு அதே அளவு. மாறியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: கோழி எருவின் தழைச்சத்தைக் குடித்துப் பிரம்புக் கிளைகள் இன்னும் இரண்டு அடி நீண்டிருந்தன. மருந்தை நிறுத்தினால் நோய் கூடவில்லை, கொடுத்தால் குறையவில்லை என்றால், அந்த மருந்துக்கும் அந்த நோய்க்கும் சம்பந்தமில்லை. இதைத் தடை வந்துதான் எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

அன்றைக்குத்தான் பெரியப்பாவைச் சந்தித்தேன். உறவில் பெரியப்பா அல்லர். எங்கள் தோட்டத்தில் பக்கத்து லயத்துக்காரர். தேயிலை மலையில் கவ்வாத்து (செடியின் கிளைகளைக் கழித்துவிடுவது) வெட்டியே ஆயுளைக் கழித்தவர். ஓய்வுபெற்ற பிறகு கிழமையில் இரண்டு நாள் டீச்சர் வீட்டில் வேலி வெட்டவும் புல் செதுக்கவும் வருகிறார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மரத்தைச் சுற்றி வந்தார். காலால் மண்ணை ஒருமுறை அழுத்திப் பார்த்தார்.

"கான் எங்கே, தம்பி?" என்றார்.

தேயிலை மலையில் பிறந்தவனுக்குக் கான் என்றால் தெரியாமலா? மலைச்சரிவுக்குக் குறுக்கே வெட்டி மழைநீரை வெளியேற்றும் வடிகால். அந்த முற்றம் ஒரு காலத்தில் தேயிலை நின்ற நிலம். அப்போதைய கான், வீடு கட்டியபோது மண்போட்டு மூடப்பட்டிருக்கிறது. மேலேயுள்ள சரிவின் தண்ணீரெல்லாம் இப்போது வந்து நிற்பது மரத்தடியில். ஒன்றரை அடி ஆழத்துக்கு ஒரு குழி தோண்டினோம். அடியில் மண் செம்மை போய்ச் சாம்பல் பாய்ந்திருந்தது, புளித்த வாடை. குழியை நிரப்பத் தண்ணீர் ஊற்றினோம். தேத்தண்ணீர் குடித்து, டீச்சரின் பேரப்பிள்ளைகள் பற்றிப் பேசி முடித்து வந்து பார்த்தபோதும் முக்கால் குழி தண்ணீர் அப்படியே நின்றது. அப்பிள் வேர் மூச்சுவிட வேண்டிய இடம் அது.

அடுத்ததை வேலியோர ஹைட்ரேஞ்சியா சொன்னது. நான் முதல் நாளே பார்த்த செடிதான், பார்த்தும் படிக்கவில்லை. பூ கடுநீலம். மண் புளித்து அலுமினியம் கரைந்து வேருக்கு எட்டினால்தான் ஹைட்ரேஞ்சியா அப்படி நீலமாகும். மண் காரத்துக்கு நெருங்கினால் அதே செடி இளஞ்சிவப்பாகப் பூக்கும். மீற்றரை வைத்துப் பார்த்தேன்: பி.எச். 4.7. தேயிலைக்கு அது பஞ்சுமெத்தை. 4.5 முதல் 5.5 வரை அதற்கு உகந்தது. அப்பிளுக்கு அப்படியல்ல.

பருவின் கதையும் அங்கேயே அவிழ்ந்தது. பெரியப்பாவின் கத்தியை வாங்கி ஒரு பருவின் மேல்தோலை மட்டும் மெல்லச் சீவினேன். பூச்சியாக இருந்தால் செதில் கழன்று அடியில் பட்டை சுத்தமாக இருக்கும். இங்கே செதிலே இல்லை. பட்டையே உள்ளிருந்து உப்பியிருந்தது. சீவிய இடத்தில், பச்சைப் பட்டைக்கு நடுவே, மிளகுத்தூள் சிந்தினாற்போலக் கரும்பழுப்புப் புள்ளிகள். புளித்த மண்ணில், அதுவும் நீர் தேங்கிய புளித்த மண்ணில், மங்கனீசு அளவுக்கு மிஞ்சிக் கரையும். அப்பிள் வேர் அதை வேண்டாமென்று தள்ளாது. உறிஞ்சிப் பட்டையில் சேர்த்து வைக்கும். அப்பிள் வளர்க்கும் நாடுகளில் இதை மரத்துக்கு வந்த சின்னமுத்து என்கிறார்கள். நான் அதற்குப் பூச்சிமருந்து எழுதிக் கொடுத்திருந்தேன்.

பாசிச்செதில் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அது மரத்தைத் தின்பதில்லை. மூடுபனி ஊரில் எந்தப் பட்டையிலும் ஒட்டும். கம்பித் தூரிகையால் தேய்த்ததில் பட்டைதான் காயப்பட்டது.

2022 ஜனவரியில் வேலை தொடங்கியது. பெரியப்பா மரத்துக்கு மேற்புறம் இரண்டடி ஆழத்தில் கான் வெட்டி வேலிக்கு வெளியே தண்ணீரைத் திருப்பினார். மரத்தடியில் குவித்திருந்த மண்ணையும் எருவையும் கையால் விலக்கினோம். ஒட்டுப்போட்ட முடிச்சு நான்கு விரற்கடை மண்ணுக்குள் புதைந்திருந்தது; கழுத்துப் பட்டை ஒரு பக்கம் அழுகத் தொடங்கியிருந்தது. அழுகலைச் சீவிக் காற்றாட விட்டோம். மண்ணின் புளிப்பைக் குறைக்கும் டொலமைட் சுண்ணாம்புத் தூளைச் சதுர மீற்றருக்கு இருநூறு கிராம் வீதம் தூவி, முள்ளுக்குத்தி மண்ணில் கலந்தோம். ஆறு மாதம் கழித்து இன்னொரு தடவை. கிழக்குப் பக்கத்துச் சைப்பிரஸ் வேலியை ஆறடிக்கு இறக்கினோம். நுவரெலியாவில் பின்னேர வெயிலை நம்ப முடியாது, இரண்டு மணிக்கே மூடுபனி இறங்கிவிடும். கிடைப்பது காலை வெயில்தான். அதையும் வேலி தின்றுகொண்டிருந்தது.

இவ்வளவையும் செய்தபின் மரம் பூத்துவிடும் என்று நான் நினைத்தேன். பூக்கவில்லை. பச்சை பிடித்தது, இலை அகன்றது, புதுப் பட்டையில் பரு வரவில்லை. நுனிக்குஞ்சமும் வெறும் குச்சியும் அப்படியே.

குளிரை எண்ணிப் பார்த்தது

டீச்சரின் கேள்விக்குத் திரும்ப வேண்டியிருந்தது.

அப்பிள் குடும்பத்து மரம் இலை உதிர்த்து உறங்கப் போவதற்குக் காரணம் பகல் குறுகுவது என்று பலரும் நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். நம் அகலக்கோட்டில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணித்தியாலம்கூட வித்தியாசமில்லை. ஆகவே மரத்துக்குக் காலம் தெரியவில்லை என்று ஒரு விளக்கத்தைத் தயாராக வைத்திருந்தேன். அது பொருந்தாது. அப்பிளும் பியர்ஸும் பகலின் நீளத்தைக் கவனிப்பதில்லை. ஏறத்தாழ 12 பாகைக்குக் கீழே குளிர் தொடர்ந்தால் வளர்ச்சியை நிறுத்தி மொட்டை மூடும். அந்த உறக்கத்திலிருந்து எழ அதே குளிர் மேலும் நெடுநேரம் வேண்டும். பெரும்பாலான அப்பிள் வகைகளுக்கு 0 முதல் 7 பாகைக்குள் 800 முதல் 1,000 மணித்தியாலம் என்று ஒரு பொதுக் கணக்கு உண்டு. 'அன்னா', 'டோர்செட் கோல்டன்' போன்ற வெப்ப நாட்டு வகைகளுக்கு முந்நூறு மணித்தியாலமே போதும்.

2022 ஜனவரி, பெப்ரவரியில் மணிக்கொருமுறை வெப்பநிலையைப் பதியும் சிறு கருவி ஒன்றை மரத்தில் தொங்கவிட்டிருந்தேன். அந்தப் பதிவை டீச்சரிடம் கொடுத்து, 1974இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பீச் மரங்களுக்காக வகுத்த கணக்கு முறையையும் சொன்னேன். அந்த முறையில் 2.5க்கும் 9.1 பாகைக்கும் இடைப்பட்ட ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு புள்ளி. 9.2 முதல் 12.4 வரை அரைப் புள்ளி. 12.5 முதல் 15.9 வரை ஒன்றுமில்லை. 16க்கு மேல் அரைப் புள்ளி கழியும். 18ஐத் தாண்டினால் முழுப் புள்ளி கழியும். பகல் சூடு இரவுக் குளிரை அழித்துவிடுகிறது என்பதுதான் இதன் உட்பொருள்.

டீச்சர் கொப்பியில் கோடு போட்டு, வானம் வெளித்த ஒரு நல்ல குளிர் நாளைக் கணக்கிட்டார். இரவு ஒன்பது முதல் ஒரு மணிவரை 10, 11 பாகை: நாலு அரை, 2 புள்ளி. ஒரு மணி முதல் காலை ஏழுவரை 6க்கும் 9க்கும் நடுவே: 6 புள்ளி. ஏழு முதல் ஒன்பதுவரை: 1. ஒன்பது முதல் பத்து: பூச்சியம். பத்து முதல் பதினொன்று, 17 பாகை: அரை கழிகிறது. பதினொன்று முதல் நான்குவரை 19, 20 பாகை: ஐந்து கழிகிறது. நான்கு முதல் ஆறுவரை: இன்னும் ஒன்று கழிகிறது. ஆறு முதல் ஒன்பதுவரை பூச்சியம். கூட்டல் 9, கழித்தல் ஆறரை. மிச்சம் இரண்டரை.

"நாளுக்கு இரண்டரை. இரண்டு மாதமும் இதே மாதிரி வானம் வெளித்தாலும் நூற்றைம்பதுதான், தம்பி" என்றார். கேட்ட கேள்விக்குத் தானே விடை போட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

யூட்டாவில் பீச்சுக்கு வகுத்த முறை, நம் ஊர்க் கிராப் அப்பிளுக்கு அட்சரம் பிசகாமல் பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஆயிரத்துக்கும் நூற்றைம்பதுக்கும் உள்ள தூரம் கணக்கு முறையின் பிழையால் வருவதல்ல. நம் இரவுகள் மரத்தை உறக்கத்தில் தள்ளுமளவுக்குக் குளிர்ந்தவை. எழுப்புமளவுக்கு நீண்டவை அல்ல. மரம் அரைத் தூக்கத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. நுனிமொட்டுக்கு மட்டும் கொஞ்சம் விழிப்பு. பக்கமொட்டுகள் எழவே இல்லை. நான் முதல் நாள் குறிப்பேட்டில் எழுதிய குஞ்சமும் குச்சியும் இதுதான்.

அப்படியானால் பக்கத்து வீட்டில் பியர்ஸ் எப்படிக் காய்க்கிறது? வெலிமடை, பண்டாரவளைப் பக்கமும் காய்க்கிறதே? அது குறைந்த குளிரில் எழும் வகை. விற்பவர் சொல்ல வேண்டியது அதைத்தான்: இனம் எது என்பதைவிட, அது எத்தனை மணித்தியாலக் குளிர் கேட்கிறது என்பது. அட்டையில் அதற்கு இடமில்லை. மகளுக்குச் சொல்லி இங்கிலாந்திலிருந்து வேறு கன்று ஒன்றைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவரலாமா என்று டீச்சர் ஒருமுறை கேட்டார். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதிப்பத்திரமும் பரிசோதனையும் இல்லாமல் உயிர்ச்செடி நாட்டுக்குள் வரக்கூடாது. ஒரு பூமரத்துக்காகப் புதிய நோயொன்றை மலைக்குள் இறக்குமதி செய்த பெயர் நமக்கு வேண்டாம் என்றேன்.

உருவிய இலை

வழி கிழக்கு ஜாவாவில் இருந்தது. அங்கே மலாங் மலைப்பகுதியில், நம்மைவிடத் தாழ்ந்த, சூடான இடத்தில், நிலநடுக்கோட்டிலிருந்து எட்டுப் பாகை தள்ளி, 'ரோம் பியூட்டி' என்ற அப்பிளை வருடத்துக்கு இரண்டு போகம் எடுக்கிறார்கள். குளிர்காலமே கிடையாது. அறுவடை முடிந்து சில வாரத்தில் மரத்தின் இலை முழுவதையும் கையால் உருவிவிடுகிறார்கள். மொட்டு ஆழ்ந்த உறக்கத்துக்குள் போகுமுன்னே அதை உசுப்புவதுதான் சூட்சுமம். தூங்காத மரத்தை எழுப்பக் குளிர் தேவையில்லை.

2022 ஜனவரியிலேயே இதை நான் வாசித்திருந்தேன். அப்போதே செய்துவிட வேண்டுமென்று பதறினேன். தடுத்தவர் பெரியப்பா.

"வேரைப் பார்க்காமல் கவ்வாத்து வெட்டுவோமா, தம்பி?"

தேயிலையைக் கவ்வாத்து வெட்டுமுன் சில வாரம் கொழுந்து எடுக்காமல் செடியை ஆறவிடுவது வழக்கம். வேரில் மாச்சத்து சேர வேண்டும். சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க, பென்சில் பருமனுள்ள ஒரு வேரை வெட்டி, வெட்டுமுகத்தில் அயடீன் விடுவார்கள். கருநீலமானால் வெட்டலாம். மஞ்சளாகவே நின்றால் செடி வெறும் வயிற்றோடு இருக்கிறது, வெட்டினால் செத்துப்போகும். இலை உருவுவதும் மரத்துக்கு ஒரு கவ்வாத்துதானே. இரண்டு வேரை எடுத்து அயடீன் விட்டோம். பீங்கான் தட்டில் வைத்து மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். ஒன்று வெளிர்மஞ்சள். மற்றதில் ஓரத்தில் மட்டும் ஒரு நீல வளையம், நூல் பருமனில். ஐந்து வருடம் தண்ணீரில் நின்ற வேர் வேறெப்படி இருக்கும்?

ஒரு வருடம் தள்ளிப்போட்டோம். அந்த வருடத்தில் கோழி எருவை நிறுத்தி, மக்கிய கூட்டெரு மட்டும் போட்டோம். பிரம்புக் கிளைகளை வெட்டவில்லை; கயிற்றில் கல் கட்டிப் பக்கவாட்டில் தாழ்த்தினோம். நிமிர்ந்த கிளையில் நுனிமொட்டு மற்றவற்றை அடக்கி வைக்கும். படுத்த கிளையில் அந்த அதிகாரம் தளரும். பெட்ரோல் வரிசையில் நாடே நின்ற மாதங்கள் அவை. நான் பஸ்ஸில் வந்து கல்லின் கனத்தை மாற்றிவிட்டுப் போன நாட்களும் உண்டு. பார்ப்பவர்களுக்கு மரம் ஏதோ நேர்த்திக்கடனுக்குக் கல் சுமப்பது மாதிரி இருந்தது.

2023 ஜனவரி இறுதியில் மறுபடி வேர் எடுத்தோம். அயடீன் பட்டதும் வெட்டுமுகம் கறுத்தது.

நாள் குறிப்பதில் ஒரு யோசனை இருந்தது. டிசெம்பரில் உருவினால் பூ ஜனவரியில் விரியும். உறைபனி அப்போதுதான் விழும். கிராப் அப்பிள் மரம் கடுங்குளிரைத் தாங்கும், ஆனால் விரிந்த பூ பூச்சியத்துக்கு இரண்டு பாகை கீழே போனாலே கருகும். மே மாதத்துக்குப் பிறகென்றால் தென்மேற்குப் பருவமழை, பூ அழுகும். பெப்ரவரி முதல் வாரத்தில் உருவினால் பனிக்காலம் முடியும்போது மொட்டு அவிழும், வறண்ட மார்ச்சில் பூக்கும், சீசனுக்கு ஊர் நிறையும் ஏப்ரலில் காய் பிடித்திருக்கும்.

உருவியது பெரியப்பா அல்ல, பெரியம்மா. கொழுந்து பறித்த கை. இலையை நுனியில் பிடித்துக் கீழ்நோக்கி இழுத்தால் காம்போடு பட்டையும் கக்கத்து மொட்டும் உரிந்து வரும்; பிறகு பூப்பதற்கு ஒன்றுமிருக்காது. காம்பின் நடுவில் நகத்தால் கிள்ள வேண்டும். மிச்சக் காம்பு சில நாளில் தானே காய்ந்து விழும். நான் ஒரு கிளையை முடிக்குமுன் பெரியம்மா இரண்டு கையாலும் மூன்று கிளையை முடித்திருந்தார். கண் மரத்தில்கூட இல்லை, டீச்சரோடு கதையில் இருந்தது. வடகிழக்குப் பக்கத்து ஒரு கிளையை மட்டும் தொடவேண்டாமென்று சிவப்பு நூல் கட்டி விட்டேன். உருவியதால்தான் பூத்ததா, கான் வெட்டியதால் பூத்ததா என்று பின்னால் யாராவது கேட்டால் விடை வேண்டும். முதலில் கேட்கப்போவது டீச்சர்தான்.

பதினாறாம் நாள் பக்கமொட்டுகள் வீங்கின. இருபத்தைந்தாம் நாள் டீச்சர் தொலைபேசியில் எண்ணிக்கையை மட்டும் சொன்னார்: "நூற்றுப் பதினெட்டுக் கொத்து." நான் போனபோது கருஞ்சிவப்பும் வெள்ளையும் கலந்து நின்றது. அட்டைப் படத்தில் உள்ளதுபோல அல்ல. கிளை நன்றாகவே தெரிந்தது, மேற்குப் பக்கம் பாதி வெறுமை. தாழ்த்திக் கட்டிய கிளைகளில்தான் அடர்த்தி. பொந்துத் தேனீக்கள் வந்திருந்தன. தேனீயென்றதும் பெரியம்மா தள்ளி நின்றார். மலையில் குளவிக்கொட்டு வாங்கியவர்களுக்கு அந்தச் சத்தம் எதுவானாலும் ஒன்றுதான்.

நூல் கட்டிய கிளையில் அன்றைக்கு ஒரு கொத்துமில்லை. அதே கான், அதே டொலமைட், அதே வேர். பழைய இலையைப் பிடித்துக்கொண்டு நின்றது.

2024 பெப்ரவரியிலும் உருவினோம். கொத்து கூடியது, ஆனால் டீச்சர் காய்ச்சலில் கிடந்ததால் கணக்கு இல்லை. அவ்வருடம் இரண்டு பின்னடைவுகளும் வந்தன. கழுத்தில் சீவிவிட்ட இடத்தில் மழைக்குப் பிறகு மீண்டும் ஈரக்கசிவு; ஒட்டின் அடியில் வேரோடு நிற்கும் ஒட்டுக்கட்டை என்ன வகை என்று விற்றவருக்கே தெரியவில்லை, அது கழுத்தழுகலுக்கு எளிதில் இடம்கொடுக்கும் வகையாக இருந்தால் இந்த மரத்துக்கு நீண்ட ஆயுளை நான் வாக்களிக்கமாட்டேன். அடியிலிருந்து ஒட்டுக்கட்டையின் தளிர்களும் கிளம்பின. கிள்ளக் கிள்ள வருகின்றன. வருடந்தோறும் இலையை இழக்கும் மரம் அந்தக் கடனை எங்கே அடைக்கிறது என்பதைப் பார்க்க ஒவ்வொரு ஜனவரியும் அயடீன் போத்தலோடு போகிறேன். வேர் மஞ்சளாக நிற்கும் வருடம் உருவுவதில்லை என்று பேசி வைத்திருக்கிறோம்.

ஹைட்ரேஞ்சியாவில், மரத்தடிப் பக்கம் சாய்ந்த பாதி இப்போது ஊதா கலந்த இளஞ்சிவப்பாகப் பூக்கிறது. வேலிப்பக்கத்துப் பாதி இன்னும் நீலம். டொலமைட் எட்டிய எல்லை எது என்று அளக்க எனக்கு வேறு கருவி தேவைப்படவில்லை.

அந்தச் சிவப்பு நூல் கிளை 2024 ஜூனில், பருவமழை கொட்டும்போது, மூன்று பூ பூத்தது. ஆராய்ச்சி முடிந்ததே, வரும் பெப்ரவரியில் அதையும் உருவிவிடலாமா என்று கேட்டேன். டீச்சர் கொப்பியைத் திறந்து, பதினொன்றுக்குக் கீழே மூன்று என்று எழுதி, நூலை மட்டும் புதிதாக மாற்றிக் கட்டச் சொன்னார்.